உங்களுக்குத் தெரியுமா? மழை போன மும்பையில் பெரணி வளர்ப்போம்

● மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அது ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாலே மாதத்தில் கொட்டி முடிந்துவிடும். பிறகு அக்டோபர் வெயில், குளிர்காலத்து வறண்ட காற்று, மே மாதப் புழுக்கம். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பெரணி வளர்க்க நினைப்பவர் கணக்கில் எடுக்க வேண்டியது மழையில்லாத அந்த எட்டு மாதங்களைத்தான்.

● நவம்பரில் இலை பழுத்துக் காய்ந்த பெரணித் தொட்டியைத் தயவுசெய்து குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஜூலையில் மாட்டுங்காவின் பழைய கட்டடங்களைச் சுற்றி நடந்தால், மதில் இடுக்கிலும் மழைநீர்க் குழாய் ஓரத்திலும் கறுப்புக் கம்பிபோன்ற காம்பில் அரைவட்ட இலைகள் அடுக்கிய ஒரு பெரணி தொங்குவதைப் பார்க்கலாம். அதன் பெயர் அடியாண்டம் பிலிப்பென்ஸ். டிசம்பரில் அதே இடத்தில் துருவேறிய சருகுதான் இருக்கும். ஆனால் சுவருக்குள் அதன் கிழங்குத் தண்டு உயிரோடு காத்திருக்கும். அடுத்த ஜூனில் முதல் மழை நனைத்ததும் துளிர்த்துவிடும். தொட்டிச் செடிக்கும் இதே கதைதான். சந்தேகமாக இருந்தால் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிழங்குத் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ வெளிறியோ கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கொழகொழத்தாலோ உள்ளே கூடாக இருந்தாலோ போய்விட்டது. உயிருள்ள தொட்டியை நிழலில் ஒதுக்கி, மண் தூசியாகிவிடாத அளவுக்கு எப்போதாவது தண்ணீர் காட்டினால் போதும். தூங்குகிற செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். மும்பைப் பால்கனிகளில் வறட்சியால் சாகும் பெரணிகளைவிட இந்த அன்பால் சாகும் பெரணிகள் அதிகம் என்பது என் எண்ணம்.

● உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் பனையோலை மாதிரி ஒரு பெரணி இருக்கிறது. வடமொழியில் மயூரசிகை என்பார்கள். தாவரவியல் பெயர் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா. பாறை இடுக்கு, காரை உதிர்ந்த பழஞ்சுவர் போன்ற இடங்களில் வாழும். வெயிலில் சுருண்டு, தொட்டால் நொறுங்கிவிடும் என்ற நிலைக்குக் காய்ந்துபோகும். தண்ணீர் பட்டால் அதே இலை விரிந்து பச்சையாகும். நிழலும் வறட்சியும் சேர்ந்த மூலைக்கு இதைவிடப் பொருத்தமான பெரணி வேறில்லை. ஆனால் ஆழமான தொட்டியும் சத்து மிகுந்த மண்ணும் இதற்கு ஆகாது. தட்டையான சட்டியில் செங்கல் துண்டு, மணல், கொஞ்சம் இலைமக்கு இருந்தால் போதும்.

● பெரணி இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் பூச்சி என்று மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. அவை ஸ்போர் எனும் வித்துத்தூள் நிறைந்த பைகளின் கூட்டம். செடி நலமாக இருப்பதன் அடையாளம். ஒழுங்கான வரிசையில் இருந்தால் ஸ்போர். தாறுமாறாக, காம்பில்கூட ஒட்டிக்கொண்டு, நகத்தால் பெயர்த்தால் பிசுபிசுத்தால் செதில்பூச்சி. அதற்கும் எண்ணெய் மருந்து வேண்டாம். பல பெரணிகளின் இலை அதில் கருகிவிடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

● ஈரத்தை நம்பி வாழும் பெரணிக்கு வறட்சியும் வேண்டும், ஸ்போரைத் தூவுவதற்கு. ஸ்போர்ப் பையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதன் செல்களிலுள்ள நீர் ஆவியாக ஆக, வளையம் பின்னோக்கி வளைந்து விறைக்கும். ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீரில் குமிழி உண்டாகி, வளையம் சட்டென்று திரும்பி, ஸ்போரைச் சுண்டி எறிகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

● ஊரில் பழைய கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போதும் உள்சுவரின் கல்லிடுக்கில் மெல்லிய பெரணிகள் பச்சையாகத் தொங்கும். நேர் வெயில் இல்லை, காற்று அடிப்பதில்லை, கீழே தண்ணீர் இருப்பதால் காற்றில் ஈரம், கல்லுக்கிடையே சுண்ணாம்பு. வறண்ட ஊரில் பெரணிக்கு வேண்டியவை இந்த நான்கும்தான்.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரணிகளுக்குப் பொதுவாகப் புளிப்புத் தன்மையுள்ள மண் பிடிக்கும் என்று புத்தகங்கள் சொல்வது சரி. ஆனால் கிணற்றுச் சுவரிலும் அருவியோரத்திலும் வளரும் அடியாண்டம் கேப்பில்லஸ்-வெனரிஸ், சுவர்களில் ஏணிப்படி மாதிரி நீண்ட இலைவிடும் டெரிஸ் விட்டாட்டா ஆகியவை சுண்ணாம்பை விரும்புகிறவை. பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் சுண்ணாம்புக் காரைத் துண்டு கிடைத்தால் இரண்டைக் கொண்டுவந்து தொட்டிமண்ணில் புதைத்துவையுங்கள்.

● அந்த டெரிஸ் விட்டாட்டாவுக்கு இன்னொரு குணம் உண்டு. மண்ணிலிருக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துவைக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்துக்கு மருந்தூட்டும் தொழில் நடந்து கைவிடப்பட்ட ஓர் இடத்தில் லீனா மா குழுவினர் இதைக் கண்டறிந்து, 2001-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்ய இந்தப் பெரணியைப் பயன்படுத்தும் முயற்சிகள் அதன்பிறகுதான் வேகமெடுத்தன. ஆகவே சுவரிலும் சாக்கடை ஓரத்திலும் முளைத்த பெரணி எதையும், 'ஏதோ மூலிகையாம்' என்று யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள்.

● வடக்குப் பார்த்த பால்கனியில் வெயிலே வராது என்று நம்பியிருக்கிறீர்களா? மும்பை 19 பாகை வடக்கில் இருக்கிறது. மே மாதம் நடுவில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடும். ஜூலைக் கடைசியில்தான் மீண்டும் தெற்கே திரும்பும். இடைப்பட்ட நாட்களில் வடக்குப் பால்கனிக்கும் நேர் வெயில் விழும். மழைக்காலம் பிறந்துவிட்டால் மேகம் காப்பாற்றும். பருவமழை மும்பையைத் தொடும் சராசரி நாள் ஜூன் 11. ஆக, மே நடுவிலிருந்து மழை பிடிக்கும்வரை உள்ள அந்த மூன்று நான்கு வாரங்கள்தான் ஆபத்து. ஆண்டு முழுக்க நன்றாக இருந்த செடி திடீரென்று கருகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த நாட்களில் தொட்டியைச் சுவரோரமாக உள்ளே தள்ளிவையுங்கள், அல்லது ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள்.

சென்னை வாசகர்களுக்கு இந்தக் காலம் இன்னும் நீளம். அங்கே சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே வடக்கே போய்விடும். திரும்புவது ஆகஸ்ட் நடுவில். காப்பாற்ற அங்கே தென்மேற்குப் பருவமழையின் அடர்ந்த மேகமும் இல்லை.

● நிழல் என்றால் எவ்வளவு நிழல்? பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் அந்த இடத்தில் செய்தித்தாள் படிக்க முடிந்தால் பெரணி வளரும். இரண்டு 'சால்' குடியிருப்புகளுக்கு நடுவே படிக்கவே முடியாத இருட்டுச் சந்தில் எந்தப் பெரணியும் தேறாது.

● மர நிழலில் மண்ணில் நட்ட பெரணி வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில் அல்ல. நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை மரத்தின் வேர் முதலில் குடித்துவிடுகிறது. வறண்ட நிழல் என்பது தோட்டக்கலையிலேயே கடினமான இடம். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பெரணியைத் தொட்டியோடு பாதி மண்ணில் இறக்கிவைப்பது. மர வேர் உள்ளே நுழைய நாளாகும். மண்ணின் குளிர்ச்சியும் தொட்டிக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, பானைப் பாசனம். சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து சுற்றியுள்ள வேர்களுக்குப் போகும். மண் காயக் காயக் கசிவு கூடும், நனைந்திருந்தால் குறையும். செடி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. சீனாவின் 2,000 ஆண்டுப் பழமையான வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் மரக்கன்று வளர்க்க இன்றும் பயன்படுகிறது. மும்பைக்காரர்கள் பானைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாராவியின் கும்பர்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் சக்கரம் சுற்றுகின்றன. கேட்கும்போது ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்: வண்ணம் அடிக்காத, மெருகு பூசாத பானை வேண்டும். பெயிண்ட் அடித்தால் துளை அடைபட்டு ஒரு சொட்டும் கசியாது.

● பானைக்கு மூடி கட்டாயம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாளே போதும். இதற்காகத்தான் மாநகராட்சிப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பிரிவினர் பூந்தொட்டித் தட்டுகளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். பெரணிக்குக் காற்றில் ஈரம் வேண்டுமென்றால் தட்டில் மணலை விளிம்புவரை நிரப்பி, அந்த மணலை நனைத்துவையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தாலே ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதன் பலன் சில நிமிடங்களில் போய்விடும்.

● கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போகிறவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் திரும்புவதில்லை. அந்தக் கிழங்கு ஒரு பெரணியின் தண்டு என்பது குடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற அந்தப் பெரணி, மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளர்வது. தண்டின்மேல் பழுப்பு ரோமம் அடர்ந்திருப்பதால் ஆட்டின் காலை வெட்டிவைத்தது மாதிரியே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியிலும் உண்டு; மராத்தியில் பாஷிங் என்பார்கள்.

வறட்சியைச் சமாளிக்க இது கண்டுபிடித்த வழி அசத்துகிறது. இரண்டு விதமான இலைகள் விடும். நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கும். மழை போனதும் உதிர்ந்துவிடும். குட்டையான மற்ற இலைகள் சீக்கிரமே பழுப்பாகிக் காய்ந்தாலும் உதிராது. தண்டைச் சுற்றிக் கூடையாக நின்று, மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து மக்கவைத்து, செடிக்கான மண்ணை மரத்தின்மேலேயே உண்டாக்கிக்கொள்ளும். எனவே அந்தப் பழுப்பு இலைகளை அழகு கெடுகிறதென்று கத்தரித்து எறிந்தால் செடியின் உணவுக் கூடையைப் பறித்துவிடுகிறோம்.

வீட்டில் வளர்க்க இளநீர் மட்டை போதும். மாட்டுங்காவில் இளநீர் வெட்டுகிறவரிடம் கேட்டால் மட்டை சும்மாவே கிடைக்கும். நார் மட்டையில் உப்பு இருக்கும். நாலைந்து முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். கிழங்கை மட்டையின் மேலே வைத்துக் கட்டவேண்டும், உள்ளே புதைத்தால் அழுகும். செடியை நர்சரியில் வாங்குங்கள். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலிருந்து ஓர் இலையைக்கூடப் பறித்துவருவது சட்டப்படி குற்றம்.

● தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் ஒரு காடு நிற்கிறது. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 1994-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த இடம் அதற்கு முன்னால் மாநகரத்தின் குப்பைமேடு. குப்பையின்மேல் மண் பரப்பி, மரம் நட்டு, மரம் உதிர்த்த இலையை அள்ளி எறியாமல் அங்கேயே மக்கவிட்டு உருவாக்கினார்கள். நம் வீட்டு வசதிச் சங்கங்களின் வளாகத்தில் தினமும் காலையில் சருகைக் கூட்டி மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறோமே, பெரணிக்கு அதுதான் முதல் உணவு. ஒரு மூலையில் குவித்து, அவ்வப்போது நனைத்துவைத்தால் ஒரு மழைக்காலம் கழிந்ததும் கறுத்த இலைமக்கு தயாராகிவிடும். கடையில் பை பையாக வாங்க வேண்டியதில்லை.

● பெரணிகள் டைனோசருக்கும் முந்தியவை என்று பள்ளியில் படித்திருப்போம். குலம் பழையது, உண்மை. ஆனால் இன்று நாம் பார்க்கும் பெரணி வகைகளில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் உலகை நிறைத்த பிறகு அவற்றின் நிழலில் பெருகியவை என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. மங்கிய ஒளியை உணர்ந்து வளர்வதற்குப் பல பெரணிகளுக்கு உதவும் ஒரு மரபணு, ஆந்தோசெராஸ் வகையைச் சேர்ந்த சிறு தாவரங்களிடமிருந்து தாவி வந்தது என்று 2014-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. நிழலில் வாழும் திறமையில் ஒரு பகுதி இரவல்!

● கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்க்கும் 'டெரேரியம்' புகையின் பிள்ளை. லண்டனில் நதேனியல் வார்டு என்ற மருத்துவர் தன் தோட்டத்தில் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். நிலக்கரிப் புகையில் ஒவ்வொன்றாகச் செத்தன. 1829 வாக்கில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய குடுவையில் வைத்திருந்தபோது அதற்குள் ஒரு பெரணி தானாக முளைத்தது. தண்ணீரே ஊற்றாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தது. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கியதுதான் ரகசியம். 1833-இல் அவர் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு உயிரோடு சேர்த்தார்.

அதன்பிறகு அந்தப் பெட்டி உலக வரலாற்றையே மாற்றியது. சீனத்துத் தேயிலைச் செடிகள் இமயமலைத் தோட்டங்களுக்கு வந்தது அதில்தான். மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சிங்கோனா கன்றுகள் 1861-இல் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்ததும் அதில்தான். ஒரு பெரணி முளைக்காமல் இருந்திருந்தால் நீலகிரியின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆலைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் சூழ்ந்த செம்பூரில் புகையைப் பற்றிப் பேசாத குடும்பம் குறைவு. சாலையைப் பார்த்த ஜன்னலில் மென்மையான பெரணி எதுவும் தங்கவில்லையென்றால் வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலை முயன்று பாருங்கள். நேர் வெயில் மட்டும் படவே கூடாது, உள்ளே வெந்துவிடும்.

● அறைக்குள் நான்கு செடி வைத்தால் காற்றெல்லாம் சுத்தமாகிவிடும் என்பது நாசா 1989-இல் மூடிய சிறு பெட்டிகளில் நடத்திய சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை. 2019-இல் வெளியான ஒரு மதிப்பாய்வின் கணக்குப்படி, ஜன்னல் திறந்து காற்று வருவதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும்; 1,000 செடிகூட வேண்டியிருக்கலாம். பெரணியைப் பெரணிக்காகவே வளர்ப்போம்.

● பூங்கொத்துகளில் செருகும் மெல்லிய ஆஸ்பராகஸ் 'ஃபெர்ன்' பெரணியே அல்ல. பூக்கும், காய்க்கும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடி.

● பெரணியே அல்ல என்று எல்லோரும் நினைக்கும் பெரணி ஒன்றும் உண்டு: ஆரைக்கீரை. நான்கு இதழாக விரியும் அந்தக் கீரையின் இலைமடியில் பூவைத் தேடினால் கிடைக்காது; அடியில் மிளகளவு கெட்டியான ஸ்போர்க் காய்கள்தான் இருக்கும். குளம் வற்றினாலும் அவை மண்ணுக்குள் பல்லாண்டுகள் கிடந்து, தண்ணீர் வந்ததும் முளைக்கும். அகலச் சட்டியில் களிமண்ணைச் சேறாக வைத்தால் பாதி நிழல் பால்கனியில் வளரும்.

சமைக்காமல் மட்டும் சாப்பிடாதீர்கள். ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கப் போன பர்க், வில்ஸ் இருவரும் 1861-இல் இந்த இனத்தைச் சேர்ந்த நார்டூவின் காய் மாவைத் தின்று, வயிறு நிறைந்தும் மெலிந்து இறந்தார்கள். அதில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் இருக்கிறது. அந்நாட்டுப் பூர்வகுடிகள் அதைப் போக்கும் பக்குவம் அறிந்திருந்தார்கள். நாம் ஆரையைக் கடைந்தும் கூட்டாக வைத்தும்தான் உண்கிறோம். அந்த வழக்கம் மாற வேண்டாம்.

● மும்பையில் பெரணி ஆர்வம் புதிதல்ல. தோபி தலாவிலுள்ள புனித சேவியர் கல்லூரியின் இயேசு சபைத் துறவி எதல்பர்ட் பிளாட்டரும் ஜே. எஃப். டி அல்மெய்டாவும் எழுதிய 'தி ஃபெர்ன்ஸ் ஆஃப் பாம்பே' 1922-இல் வெளிவந்தது. பிளாட்டர் பெயரில் அக்கல்லூரியில் உலர்தாவரத் தொகுப்பு இன்றும் இயங்குகிறது. அதற்கும் முன்னால், 1863-இல், சென்னை மாகாண வனத்துறையின் ரிச்சர்டு பெடோம் தென்னிந்தியப் பெரணிகளுக்குப் படங்களோடு தனி நூல் வெளியிட்டுவிட்டார்.

● சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பெரணி இலையின் நுனி கருகும், உப்புதான் காரணம். துளசி, விகார், தான்சா, பாட்சா போன்ற ஏரிகளிலிருந்து வரும் மும்பைக் குழாய்நீரில் அந்தத் தொல்லை குறைவு. ஏசி குழாயில் சொட்டும் நீரிலும் உப்பு கிடையாது. வாளியில் பிடித்துப் பெரணிக்கு ஊற்றலாம். உரம் போட்டால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கால்பங்கு போதும், அதுவும் செடி துளிர்க்கும் மாதங்களில் மட்டும்.

● ஏப்ரல், மே மாதத்திலும் வெளிச்சுவரில் ஒரு பெரணி பச்சையாக நிற்கிறதா? சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது என்று பொருள். அரசமரக் கன்று போலச் சுவரைப் பிளக்கும் வேர் பெரணிக்கு இல்லை. ஆனால் ஒழுக்கு சுவரைக் கெடுக்கும். பெரணியைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

● ஸ்போரிலிருந்து பெரணி வளர்க்க ஒரு செங்கல் போதும். பழுப்புப் புள்ளிகள் முற்றிய இலையை வெள்ளைத்தாளில் ஓரிரு நாள் மடித்துவைத்தால் மாவாக ஸ்போர் உதிரும். செங்கல்மேல் கொதிக்கும் நீர் ஊற்றி ஆறவிட்டு, கொஞ்சம் தண்ணீருள்ள டப்பாவில் நிறுத்தி, ஸ்போரை மேலே தூவிக் கண்ணாடியால் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். உற்றுப் பார்த்தால் அது நகக்கண்ணைவிடச் சிறிய இதய வடிவத் தகடுகள். பெரணியின் ஆண் அணுக்கள் நீந்திச் சென்றுதான் பெண் அணுவைச் சேர முடியும். எனவே இந்தக் கட்டத்தில் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்க வேண்டும். முதல் குட்டி இலை எழும்ப மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். கன்றைச் செங்கலிலிருந்து பிரித்துத் தொட்டிக்கு மாற்ற ஜூன் பிற்பாதி நல்ல நேரம். ஆகவே ஸ்போர் சேகரிக்க நினைப்பவர்கள் அக்டோபரிலேயே, இலை காயத் தொடங்குமுன், எடுத்துத் தாளில் மடித்து வைத்துவிடுங்கள்.